திட்டம் வராதிருந்தால் என்னவாகியிருக்கும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்விக் கொள்கை ஆய்வு, கல்வித் திட்ட மதிப்பீடு ஆகிய பணிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்திருந்தது. நான் கோத்தகிரியில் குடியிருப்பவள் என்பதால் நம்ம ஊர்க்காரர்களுக்கு உரிமை கூடுதலாகிவிட்டது போலும். ஆகையால் இம்முறை மலைக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சமவெளி வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வணக்கம் அம்மா. முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்வித் திட்டங்களை மதிப்பிடும் வேலைக்குப் போக விரும்புகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “அப்படியென்றால் வாத்தியார் வேலையா, இன்ஸ்பெக்டர் வேலையா?” என்று பாட்டி கேட்டார். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்வீர்களா?
– கோத்தகிரி வாசகி

பதில்: பாட்டியிடம் இரண்டும் இல்லை என்று சொல்லுங்கள். ஆசிரியர் கற்பிக்கிறார்; ஆய்வுக்கு வரும் அலுவலர் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிறார். மதிப்பீட்டாளர் கேட்பது வேறு: இந்தத் திட்டத்தால் குழந்தைக்கு ஏதேனும் நன்மை விளைந்ததா, விளைந்தது எவ்வளவு, இந்தத் திட்டம் வராதிருந்தாலும் அந்த நன்மை தானாக வந்திருக்குமா? கடைசிக் கேள்விதான் தொழிலே. மற்ற இரண்டையும் யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம்.

உங்கள் வீட்டில் தேயிலைத் தோட்டம் இருந்தால் பாட்டிக்கு இது உடனே விளங்கிவிடும். உரம் போட்ட மறுவாரம் மழையும் பெய்து கொழுந்து நன்றாக வந்தால், வந்தது உரத்தாலா மழையாலா என்பதை, உரம் போடாமல் விட்ட நான்கு வரிசைச் செடிகளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அந்த நான்கு வரிசையை எங்கே, எப்படி, யாருக்கும் அநியாயம் இல்லாமல் தேடுவது என்பதற்காகத்தான் நாங்கள் ஆண்டுக்கணக்கில் படிக்கிறோம்.

தமிழ்நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளைத் தெருவிலும் திண்ணையிலும் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே சமயத்தில் அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை வீடுவீடாகச் சென்று சோதித்து, 2019இல் அதே ஊர்களில் சோதிக்கப்பட்ட அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் குழந்தைகள் கணிதத்தில் 0.73 திட்ட விலக்க அளவும் மொழியில் 0.34 திட்ட விலக்க அளவும் பின்தங்கியிருந்தார்கள் (திட்ட விலக்கம் என்பது, மதிப்பெண்கள் குழந்தைக்குக் குழந்தை எவ்வளவு பரவிக்கிடக்கின்றன என்பதைக் கொண்டு இடைவெளியை அளக்கும் அலகு). பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது.

இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் பார்த்த ஒருவர், மீண்டது முழுவதையும் இல்லம் தேடிக் கல்வியின் கணக்கில் எழுதியிருப்பார். திட்டத்தைப் பிடிக்காத ஒருவர், பள்ளி திறந்ததால்தான் எல்லாம் வந்தது என்று துடைத்துவிட்டிருப்பார். மூவரும் கணக்கிட்டதில், மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு அந்த மாலை வகுப்புகளால் வந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் நடந்த வேலைக்கு 24 விழுக்காடு என்பது சிறிதன்று. ஆனால் அது நூறும் அன்று. அந்த 24 என்ற எண்ணைக் கண்டுபிடிப்பவர்தான் மதிப்பீட்டாளர்.

நாள் முழுவதும் மலையேறி ஊர் ஊராகப் போவது என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓர் ஆய்வுக்கு ஓர் ஆண்டு என்றால் களத்தில் இருப்பது இரண்டு மாதம் இருக்கலாம். அதற்கு முன் கேள்வித்தாளை எழுதி, பத்துப் பள்ளியில் சோதித்து, பாதியைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுவதிலும், அதற்குப் பின் தரவைச் சுத்தம் செய்வதிலும்தான் மீதி மாதங்கள் கழியும். ஒரே குழந்தையின் பெயர் மூன்று பட்டியலில் மூன்று எழுத்துக்கூட்டில் இருக்கும்; அது ஒரே குழந்தைதான் என்று தேடிப்பிடிப்பதில் ஒரு வாரம் போகும். இதில் சலிப்பு வராதவர்களுக்கு இந்தத் தொழில் பிடிக்கும்.

கேள்வி: இளங்கலைத் தமிழ் அஞ்சல் வழியில் முடித்திருக்கிறேன். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். பெரிய படிப்பு இல்லாத என் போன்றோருக்கு இதில் இடம் உண்டா?
– தாண்டிக்குடி வாசகி

பதில்: உண்டு. களப்பணியாளராக நுழையலாம். ஒவ்வொரு ஆய்வுக்கும் உள்ளூர் தெரிந்தவர்களை நிறுவனங்கள் சில மாதங்களுக்கு எடுத்துக்கொள்கின்றன. தினப்படியும் பயணச் செலவும் தருவார்கள். அடுத்த நிலை மேற்பார்வையாளர், அதற்கு மேல் ஆய்வு உதவியாளர். மேலே போகப் போகப் புள்ளியியல் தேவைப்படும்; அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். குழந்தையைப் பேசவைக்கும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்கள் அதற்காகத் திண்டாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் தன்னார்வலரிடம் ஒரு வழக்கம் இருக்கும். அதை விட்டாக வேண்டும். குழந்தை படிக்கத் தடுமாறும்போது நம் உதடு தானாக அசையும். எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தை அட்டையைப் பார்க்காது, உதட்டைப் பார்க்கும். பயிற்சி வகுப்பில் களப்பணியாளர்களை நான் வாயில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சிரித்தார்கள், பிறகு புரிந்துகொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி. சொல் அட்டையில் ‘பால்’ என்று இருந்தது. சிறுமி எழுத்தின்மேல் விரல் வைத்து மெல்ல நகர்த்தினாள், நிமிர்ந்தாள், “ஹாலு” என்றாள். களப்பணியாளர் ‘தவறு’ என்று டேப்லெட்டில் அழுத்தப் போனார். நான் கையை அமர்த்தி, “இங்கே எழுதியிருப்பதை அப்படியே சொல்லும்மா” என்றேன். “பால்” என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. படுக மொழியில் பாலுக்கு ஹாலு. அவள் எழுத்தைப் படித்து, பொருளை உணர்ந்து, வீட்டு மொழியில் திருப்பியும் சொல்லிவிட்டாள். நம் அட்டவணையிலோ அவள் ‘எழுத்து மட்டும் அறிந்தவர்’ என்ற கட்டத்தில் விழுந்திருப்பாள். அன்றிரவே விதியைத் திருத்தினோம்: வேறு சொல் வந்தால் ஒரே ஒரு முறை, ஒரே வாசகத்தில், மறுபடி கேட்க வேண்டும், எல்லாக் குழந்தைகளிடமும். ஒருத்தியிடம் காட்டிய பரிவை மற்றவர்களுக்கும் விதியாக்காவிட்டால் அது ஓரவஞ்சனையாகிவிடும். உங்கள் பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலும் இதுபோன்றவை கட்டாயம் வரும். அவற்றைக் குறிப்புப் பகுதியில் எழுதும் களப்பணியாளரை எந்த நிறுவனமும் விடாது.

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒன்பது குழந்தைகள். எவர் எவரோ வந்து சோதிக்கிறார்கள், பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஓர் ஆண்டு நாங்கள் பட்டியலில் மேலே இருக்கிறோம், மறு ஆண்டு கீழே போய்விடுகிறோம், கூட்டத்தில் எழுப்பிக் கேள்வி கேட்கிறார்கள். இதில் எங்கள் தவறு என்ன?
– பந்தலூர் வாசகி

பதில்: உங்கள் தவறு எதுவுமில்லாமலேயே இப்படி நடக்கலாம். காகிதத்தில் கணக்குப் போட்டே இதைக் காட்டிவிடலாம், கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்பது பேரில் ஒரு குழந்தை காய்ச்சலில் படுத்துவிட்டாலோ, ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாலோ உங்கள் விழுக்காடு பதினொன்று வரை நகர்ந்துவிடும். பந்தலூர் வட்டம் முழுவதும் குழந்தைகளில் 60 விழுக்காட்டினர் பத்தியைப் படிக்கிறார்கள் என்றும், எல்லாப் பள்ளியும் ஒரே தரம்தான் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்பது பேர் கொண்ட வகுப்புகளின் முடிவு, வெறும் தற்செயலால், ஏறத்தாழ 30க்கும் 90க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழும். தொண்ணூறு பேர் கொண்ட நகரப் பள்ளியின் முடிவு 50க்கும் 70க்கும் இடையே அடங்கிவிடும். ஆக, பட்டியலின் உச்சியிலும் சிறு பள்ளிகளே இருக்கும், அடியிலும் அவையே இருக்கும். உச்சியை மட்டும் பார்த்தவர்கள் ‘சிறிய பள்ளியே சிறந்த பள்ளி’ என்பார்கள். அமெரிக்காவில் உண்மையாகவே அப்படி நம்பிப் பெருந்தொகை செலவிட்டார்கள். ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் 2007இல் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளின் மதிப்பெண்களை எடுத்துவைத்து, அடிமட்டத்திலும் சிறு பள்ளிகளே நிறைந்திருப்பதைக் காட்டினார்.

மலை மாவட்டங்களில் இந்தத் தவறு இரட்டிப்பாகும், ஏனெனில் இங்கே சிறு பள்ளிகளே பெரும்பான்மை. ஒற்றை ஆண்டின் முடிவை வைத்துத் தனிப் பள்ளியைத் தரவரிசைப்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள் என்றோ, அருகிலுள்ள ஐந்து பள்ளிகளை ஒன்றாக்கிப் பாருங்கள் என்றோ நீங்கள் கேட்கலாம்.

பட்டியலில் கடைசியாக வந்த பள்ளிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மறு ஆண்டு அவை மேலே வந்ததும் பயிற்சி வென்றது என்று அறிக்கை எழுதுவதும் இதே பிழையின் மறுபக்கம். தற்செயலால் கீழே போனது பயிற்சி இல்லாமலே மேலே வரும்.

மழையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். கூடலூரிலும் பந்தலூரிலும் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டும். பந்தலூர் வட்டத்துத் தேவாலாவில் மழைக்காக விடுமுறை விட்ட நாட்களையும் கணக்கில் கொண்டால்தான் ஜூலை மாத வருகை விளங்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கனமழை வருவது அக்டோபர், நவம்பரில். ஒரே மாவட்டம் என்பதால் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதத்தில் ஒப்பிட்டு, “பந்தலூரில் வருகை குறைவு” என்று ஜூலையில் எழுதுபவர் மழையை அளந்துவிட்டு ஆசிரியரைக் குறை சொல்கிறார். யானை இறங்கியிருக்கும் காலையில் தோட்ட வழியில் குழந்தையை யாரும் தனியே அனுப்ப மாட்டார்கள் என்பதும் பதிவேட்டில் வராது. ஒப்பீட்டுப் பள்ளிகளை அதே வட்டத்துக்குள், அதே மழைக்குள், தேட வேண்டும். கேள்வி கேட்கும் அலுவலரிடம், “எந்தப் பள்ளிகளோடு எங்களை ஒப்பிட்டீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

கேள்வி: சில பள்ளிகளுக்குத் திட்டத்தைக் கொடுத்து, சில பள்ளிகளுக்குக் கொடுக்காமல் சீட்டுக் குலுக்கிச் சோதிப்பது அநியாயம் இல்லையா? குழந்தைகள் என்ன சோதனை எலிகளா?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: நியாயமான கோபம். நானும் இளவயதில் இதே கோபத்தோடுதான் இந்தத் துறைக்கு வந்தேன். ஆனால் பணம் எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் போதாதபோது யாருக்கு முதலில் என்று யாரோ ஒருவர் முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார். சாலையோரப் பள்ளிக்கும், சிபாரிசு உள்ள ஊருக்கும் முதலில் போகிறது. சீட்டுக் குலுக்குவது அதைவிட அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ‘ப்ரோக்ரெசா’ உதவித்தொகைத் திட்டத்தின் ஆய்வுக்கு 506 ஊர்களை எடுத்து, குலுக்கலில் 320 ஊர்களுக்கு முதலிலும் மீதி 186 ஊர்களுக்குப் பின்னரும் கொடுத்தார்கள். காத்திருந்த காலமே ஒப்பீட்டுக்கு உதவியது.

எந்தப் பள்ளியையும் விடாமலும் செய்யலாம். வடோதராவில் ‘பால்சகி’ என்ற திட்டத்தில், பின்தங்கிய குழந்தைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே கூட்டிவைத்து உள்ளூர் இளம்பெண் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும், மீதிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கும் அந்தப் பெண்ணை அனுப்பினார்கள்; மறு ஆண்டு மாற்றிக்கொண்டார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒருவர் கிடைத்தார். ஒப்பிட ஒரு வகுப்பும் கிடைத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட அந்த ஆய்வு, குழந்தைகள் தேறியதைக் காட்டியது. அவர்கள் இருவரும் மைக்கேல் கிரெமரும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சோதிக்காமல் கொடுப்பதிலும் அநியாயம் உண்டு. கிரெமரும் மற்றிருவரும் கென்யாவில் பாடநூல் வழங்கிச் சோதித்தபோது, சராசரிக் குழந்தைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தது. ஏற்கெனவே நன்றாகப் படித்த குழந்தைகள் மட்டும் மேலும் முன்னேறினார்கள். காரணம் எளிது: நூல் ஆங்கிலத்தில் இருந்தது, பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மூன்றாவது மொழி. வீட்டில் பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகளின் மொழியைப் பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் குழந்தைகள் உள்ள மலையில் இருந்துகொண்டு அதைப் படித்தபோது, கென்யா அவ்வளவு தூரமாக எனக்குத் தெரியவில்லை. பாடநூல் வழங்கினோம், எண்ணிக்கை இத்தனை என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெற்றித் திட்டம்.

கேள்வி: ஆங்கிலம் சரளமாக இல்லாவிட்டால் இந்தத் துறையில் நிலைக்க முடியுமா?
– ஊட்டி வாசகர்

பதில்: படிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கும், பேச்சில் தடுமாற்றம் இருந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். தமிழ் சரளமாக இல்லாதவர்கள்தான் களத்தில் உண்மையாகவே தவிக்கிறார்கள்.

கேள்வி: தேசிய அடைவுத் தேர்வு ஒன்று சொல்கிறது, ஏசர் அறிக்கை வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?
– கூடலூர் கல்லூரி மாணவர்

பதில்: இரண்டும் வெவ்வேறு குழந்தைகளிடம் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. மத்திய அரசின் தேசிய அடைவுத் தேர்வு பள்ளியில் நடக்கிறது. 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10ஆம் வகுப்புகளில் ஏறத்தாழ 34 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். அதன் பின் 2024 டிசம்பரில் ‘பரக்’ என்ற பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. அந்த வகுப்புப் பாடம் தெரியுமா என்று அது பார்க்கிறது. அன்று பள்ளிக்கு வராதவர் அதில் இல்லை. பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கிய ஏசர் வீட்டுக்கு வருகிறது. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. பள்ளிக்கே போகாத குழந்தையையும் உட்காரவைத்து, எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடமும் அதே இரண்டாம் வகுப்புக் கதைதான்.

நீலகிரிக்காரர்கள் ஒன்றைச் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். ஏசரின் வழக்கமான கணக்கெடுப்பு கிராமங்களுக்கு மட்டும். நம் மாவட்டத்திலோ 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பாதிக்கும் மேற்பட்டோர் நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் குழந்தையும், அந்தத் தோட்டம் பேரூராட்சிக்குள் வந்துவிட்டால், காகிதத்தில் நகரக் குழந்தை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறார்கள். ஆகவே மாவட்ட எண்ணை மேற்கோள் காட்டும் முன், அது மாவட்டத்தின் எந்தப் பகுதியைப் பேசுகிறது என்று பாருங்கள்.

நீங்கள் கடிதத்தின் கீழே, ஒரே பள்ளியில் நூறு பேரைச் சோதித்தால் செலவு குறையுமே, ஏன் முப்பது பள்ளிக்கு அலைகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே பள்ளிக் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே ஆசிரியர், ஒரே தெரு. அந்த ஒப்புமையை (சற்றும் ஒப்பில்லையென்றால் 0, அப்படியே ஒத்திருந்தால் 1) 0.2 என்று வைத்துக்கொண்டால், பள்ளிக்கு 20 பேர் வீதம் 30 பள்ளியில் சோதித்த 600 குழந்தைகள், தனித்தனியாகப் பொறுக்கியெடுத்த 125 குழந்தைகளுக்குச் சமமான தகவலையே தருவார்கள். இருபதில் ஒருவர் போக மீதிப் பத்தொன்பதை 0.2ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 4.8, 600ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். ஒரே பள்ளியில் நூறு பேரைச் சோதித்தால் அந்தப் பள்ளியைப் பற்றித் தெரியும். வட்டத்தைப் பற்றித் தெரியாது.

கேள்வி: மகள் இளங்கலைப் புள்ளியியல் படிக்கிறாள். இந்தத் துறைக்கு மேற்படிப்பு எங்கே? வருமானம் நிலையானதா?
– குன்னூர் வாசகர்

பதில்: புள்ளியியல் நல்ல அடித்தளம், அதோடு கல்வியியலோ பொருளியலோ சமூகவியலோ சேர வேண்டும். மலையை விட்டு இறங்க மனமில்லையென்றால் கொடைக்கானலில் 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, அடிவாரத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழகம். ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சொல்வேன். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேஷையா 1971இல் அடையாற்றில் நிறுவியது அது. கல்வியைப் பொருளாதாரத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வெளியே என்றால் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், தில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனம். தரவை அலசும் மென்பொருள்களில் ஸ்டேட்டா விலை கொடுத்து வாங்க வேண்டியது, ‘ஆர்’ இலவசம். மகளை ‘ஆர்’ கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வருமானத்தில் உங்களை ஏமாற்ற மாட்டேன். பெரும்பாலான வேலைகள் ஒப்பந்த வேலைகள். ஆய்வு முடிந்தால் சம்பளமும் முடியும். இரண்டு ஆய்வுகளுக்கு இடையே நான்கு மாதம் வீட்டில் இருந்த ஆண்டுகள் எனக்கு உண்டு. அரசிடம் மதிப்பீட்டுக்கென்றும் பயன்முறை ஆராய்ச்சிக்கென்றும் தனித் துறையே இருக்கிறது. மாநிலத் திட்டக்குழுவும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. அங்கே நிரந்தர இடங்கள் குறைவு. கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டு ஆய்வுகளை ஏற்பவர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த வழி பிடிக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அறிக்கையை மாற்றச் சொல்லி உங்களுக்கு நெருக்கடி வந்ததுண்டா? நீங்களே தவறு செய்ததுண்டா?
– உதகை வாசகி

பதில்: இரண்டும் உண்டு. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு திட்டத்தால் மாற்றம் எதுவும் தென்படவில்லை என்று எழுதியிருந்தோம். அந்த வாக்கியத்தை ‘நேர்மறையான போக்கு தென்படுகிறது’ என்று திருத்தித் தரச் சொன்னார்கள். எங்கள் எண்கள் அதைச் சொல்லவில்லை என்றேன். அறிக்கை வெளிவரவில்லை; அடுத்த ஆண்டு அந்த அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வேலையும் வரவில்லை. அதற்குப் பிறகு, முடிவு எதுவாயினும் வெளியிடுவோம் என்ற வரியை ஒப்பந்தத்தில் முதல் நாளே சேர்க்காமல் எதையும் ஏற்றதில்லை.

இரண்டாவது என் தவறு. மார்கழியில் கோத்தகிரிப் பக்கம் வீட்டுக் கணக்கெடுப்பு வைத்தேன். படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா வாரம் அது. இத்தனை ஆண்டு இந்த மலையில் இருந்துகொண்டு எனக்கு அது உறைக்கவில்லை என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிள்ளைகளைத் தேடிப் போனால் ஹட்டியில் பாதி வீடு பூட்டு. எல்லோரும் வெள்ளை உடுத்தித் திருவிழா நடக்கும் பேரகணிக்குப் போயிருந்தார்கள். மேற்பார்வையாளர் கெட்டிக்காரர், இலக்கை விடக்கூடாது என்று பூட்டிய வீட்டுக்குப் பதிலாகத் திறந்திருந்த அடுத்த வீட்டில் கணக்கெடுத்துக்கொண்டே போனார். திறந்திருந்தவையெல்லாம் கீழே லைனில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் வீடுகள். இருபது வீடும் நிரம்பிவிட்டன, படிவத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் கழித்து, அந்த ஊரில் மட்டும் நிலம் உள்ள குடும்பமே இல்லையே என்று தரவைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. பொங்கலுக்குப் பின் போயிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும் வேலை. அந்த ஊரின் தரவு முழுவதையும் நீக்கி, செலவை நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டு, மறுபடி போனோம். கடினமான வீட்டை எளிதான வீட்டால் மாற்றாதே என்ற விதி எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. நான்தான் அதை மேற்பார்வையாளருக்குச் சொல்லவில்லை.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன், விவசாயி. எங்கள் ஊர்ப் பள்ளியில் அடிக்கடி ஆய்வு நடக்கிறது. முடிவு என்ன என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
– பூம்பாறை வாசகர்

பதில்: உண்டு. உங்கள் குழந்தையைச் சோதிக்கும் முன் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும், குழந்தையும் சம்மதிக்க வேண்டும், வேண்டாம் என்றால் எழுந்து போய்விடலாம். இது நாங்கள் கட்டுப்பட்டிருக்கும் ஒழுங்கு. முடிவைத் தெரிவிப்பதும் அதில் அடங்கும், அதில்தான் பெரும்பாலோர் நழுவிவிடுகிறார்கள். தனிக் குழந்தையின் மதிப்பெண்ணைப் பெயரோடு பொதுவில் சொல்லக் கேட்காதீர்கள், அது கூடாது. வட்டத்தின் முடிவு என்ன, உங்களைப் போன்ற மலைக் கிராமங்களின் முடிவு என்ன என்று கேளுங்கள். அடுத்த முறை டேப்லெட்டோடு வருபவரிடம், எந்த மாதம், யார் வந்து, தமிழில் சொல்வீர்கள் என்று குழுவின் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பூண்டு அறுவடை நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.